ஊர்வனவற்றுக்கு ஒளியும் வெப்பமும்

ரொறன்ரோ நகரில் வதியும் என் தமக்கையின் மகன் ஓர் ஓணானை வளர்த்து வருகின்றான். அவுத்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரிய அவ்வினத்துக்குக் கழுத்தின்கீழ்த் தாடிபோன்ற முட்தோல் உண்டு. சென்ற மாரியில் அவன் எனக்கு எழுதியிருந்தான். ஓணான் இரை கொள்ளவில்லை, கால்கள் நடுங்குகின்றன, கீழ்த்தாடை இறப்பர்போல் வளைகின்றது. “இரவும் பகலும் விளக்கு எரிகின்றதே, மாமா, வேறு என்ன குறை?” என்பது அவன் வினா. கலைப்பட்டதாரியாகிய என்னிடம் இதனைக் கேட்டது, கீழ்வகுப்புகளில் யான் விஞ்ஞானமும் படிப்பிப்பதனாற் போலும். மிருக வைத்தியரிடம் உடனே கொண்டு செல்லும்படி விடையெழுதிவிட்டு, அதன்பின்பே நூல்களைப் புரட்டினேன்.

ஊர்வனவற்றைக் குளிர்குருதிப் பிராணிகள் என மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். இச்சொல் மயக்கந் தருவது. வெயில் காயும் ஓணானின் குருதி நம் குருதியளவு சூடேறக்கூடும். நாம் உண்ட உணவை எரித்து உடற்சூட்டை உண்டாக்குகின்றோம். ஓணானோ அதனைப் புறத்தேயிருந்து பெறுகின்றது. வேறுபாடு இவ்வளவே. இதனைக் காண ஆய்வுகூடம் வேண்டியதில்லை. காலையில் நம் கிளுவை வேலியைப் பார்த்தாற் போதும். ஓணான் ஞாயிற்றுக்கு முதுகு காட்டி, உடலைத் தட்டையாக்கிக் கிடக்கும். சூடேறியபின் இரை தேடும். உச்சிப்பொழுதில் பூவரசின் நிழலுக்குள் ஒதுங்கி வாய் திறந்திருக்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நடப்பதே அதன் வெப்பமானி. உடல் சூடேறாவிடின் உண்ட இரை செரியாது குடலிற் கிடந்து அழுகும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும்.

ஆகவே கண்ணாடிப் பெட்டி முழுவதையும் ஒரே அளவிற் சூடாக்குதல் பெரும்பிழை. தாடி ஓணானுக்கு, விளக்கின்கீழ் வெயில் காயும் கல்லில் ஏறக்குறைய 40 பாகை செல்சியசு வேண்டும்; மறு முனையில் 25 பாகையளவு போதும். இரு முனையிலும் வெப்பமானி வைத்தல் நன்று. கையால் தொட்டு மதிப்பிடுவது உதவாது. மின்னாற் சூடேறும் கற்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்காதிருப்பதே நலம். வெப்பம் மேலிருந்து வருவதையே அறிந்த இப்பிராணி, வயிறு வெந்து புண்ணாகும்வரை அக்கல்லின்மேற் கிடப்பதுண்டு.

இனி ஒளி. மருமகனின் பிழை இங்கேதான் இருந்தது. ஞாயிறு நமக்கு மூன்றை ஒருங்கே தருகின்றது: வெப்பம், கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புலனாகாத கழியூதாக் கதிர். கழியூதாக் கதிருள் ‘பி’ எனப்படும் பகுதி தோலிற் படும்போதே விற்றமின் டி உண்டாகின்றது. அவ்விற்றமின் இன்றேல் உணவிலுள்ள கல்சியம் உடலிற் சேராது. அப்போது குருதி தனக்கு வேண்டிய கல்சியத்தை என்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தாடை மெலிதலும் கால் நடுங்குதலும் அதன் விளைவு. வெயில் காணாத குழந்தைகளின் கால்களை வளைக்கும் ரிக்கெற்சு நோயும் இதற்கு உறவுடையதே.

அவன் வாங்கியிருந்த மின்குமிழ் வெப்பமும் வெளிச்சமும் மட்டுமே தருவது. பெட்டியைச் சாளரத்தருகே வைத்திருந்தானாம், அதனாலும் பயனில்லை. சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். அன்றியும், மாரியில் ரொறன்ரோவின் பகல் ஒன்பது மணி நேரமாகக் குறுகும். தாழ்ந்து செல்லும் ஞாயிற்றிலிருந்து அக்கதிர் நிலத்தை அடைவதே அரிது. இதற்கெனச் செய்யப்பட்ட குழல்விளக்கைத் தனியே பொருத்தல் வேண்டும். அது எரிந்துகொண்டேயிருப்பினும் கதிர் நாளடைவிற் குன்றுமாதலால், ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் மாற்றுவர். கண்ணுக்கு ஒளி குறைந்ததாகத் தோன்றாது, ஏமாற்றம் அதிலேதான். இரையாகிய பூச்சிகள்மேற் கல்சியத் தூள் தூவுவதும் வழக்கம். இரவில் இருள் வேண்டும்; விடிய விடிய விளக்கெரித்தது இரண்டாம் பிழை.

ஊர்வனவற்றின் மலத்தில் சல்மொனெல்லாக் கிருமி இருத்தல் கூடும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைக் கண்டிப்பாகக் கொள்க.

இவற்றை எழுதும்போது எனக்கே ஒரு நாணம். பத்து வயதில் நானும் ஓர் ஓணானைப் பிடித்துப் போத்தலில் அடைத்து, வெயில் காயட்டும் என்று முற்றத்தில் வைத்தேன். மூடியில் துளைகளும் இட்டிருந்தேன். மதியத்துக்குள் அது இறந்துவிட்டது. ஒதுங்க நிழலில்லை என்பதே காரணம் என்று அப்போது விளங்கவில்லை.

நம் நாட்டில் உடும்பு முதலிய ஊர்வன பல 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் காக்கப்படுவன. பிறநாட்டு வளர்ப்போருக்காக இலங்கையின் மலைக்காட்டு ஓணான்கள் களவாகக் கொண்டுசெல்லப்பட்டமையால், 2019இல் ஜெனீவாவிற் கூடிய உயிரின வாணிக மாநாடு அவற்றுட் சிலவற்றையும் தன் பாதுகாப்பினுட் கொண்டது. ஆதலால் நம் வேலியோரத்து ஓணானை வேலியிலேயே விட்டுப் பார்ப்போம். அங்கே அதற்கு விளக்கு மாற்ற வேண்டியதில்லை.

வைத்தியர் மருந்தும் புதிய குழல்விளக்கும் மூன்று திங்களிற் பயன் தந்தன என மருமகன் எழுதியிருக்கின்றான். தாடை இறுகிவிட்டது, இரை கொள்கின்றது. வலது முன்கால் மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டதாம்.