வளரும் இலக்கு

காட்பாடிச் சந்திப்பில் வடக்கிலிருந்து வரும் எந்தத் தொடர்வண்டி நின்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் எனத் தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், ஊடுகதிர்ப் படங்கள் அடங்கிய உறைகளைக் கையில் பற்றியவாறு இறங்குவார்கள். பாலாற்றுப் பாலத்தைக் கடந்து அவர்கள் செல்லுமிடம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதைத் தோற்றுவித்த ஐடா சோபியா ஸ்கடர், இளமையில் இந்தியாவில் வாழவே கூடாது என்று உறுதி பூண்டிருந்தவர்.

ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடம், “வாழ்வில் உங்கள் இலக்கு என்ன?” என்று கேட்பது ஆசிரியர்களின் வழக்கம். மருத்துவர், மாவட்ட ஆட்சியர், பொறியாளர் எனப் பதவியின் பெயர்களே விடையாக வரும். “யாருக்காக?” என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். ஐடாவின் வாழ்வில் இந்த இரண்டாம் வினாவே முதலில் எழுந்தது.

இன்று தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில் 1870 இல் பிறந்தவர் ஐடா. அவருடைய பாட்டனாரும் தந்தையும் மருத்துவத் தொண்டர்கள். தாது வருடப் பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டவர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே மணம் புரிந்து வசதியாக வாழ்வதே அவருடைய விருப்பமாக இருந்தது. அதில் குற்றம் காண ஏதுமில்லை. 1890 இல் தாயின் உடல்நலக் குறைவு அவரைத் திண்டிவனத்திற்கு அழைத்து வந்தது. சில காலத்தில் திரும்பிவிடலாம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

அங்கே ஒருநாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் கதவைத் தட்டினர். மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. பெண்ணாகிய ஐடாவையே அழைத்தனர். அவரோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிந்ததும் விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டமை தெரிந்தது. அந்த மூவரும் வேறுவேறு சமூகத்தினர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். பெண் மருத்துவர் இல்லாத குறை எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது.

ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று 1899 இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒரு வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900 இல் வேலூர் வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையை இழந்தார். வீட்டின் ஒரு சிறு அறையில் தொடங்கிய பணி, 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மகளிர் மருத்துவமனையாயிற்று.

‘மருத்துவராக வேண்டும்’ என்பது மட்டுமே இலக்காயிருந்தால் அது இங்கே நிறைவேறிவிட்டது. ஆனால், நோயாளர் கூட்டம் பெருகியது. குடியாத்தம் சாலையோர மரநிழல்களில் அவருக்காக மக்கள் காத்திருந்தனர். ஒருத்தியின் இரு கைகள் போதா என்பதை ஐடா உணர்ந்தார். 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க பெண்களே விண்ணப்பிப்பர் என்று உயர் அதிகாரி ஒருவர் ஐயுற்றார். வந்தவர்களுள் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது என்பதே நடந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பின்னரே வந்தது. 1938 இல் சென்னை மாகாண அரசு, மருத்துவக் கல்வி இனிப் பட்டப்படிப்பாகவே அமைய வேண்டும் என முடிவு செய்தது. வேலூரில் வழங்கப்பட்டதோ பட்டயம். கூடுதல் பேராசிரியர்கள், ஆய்வகங்கள், படுக்கைகள் ஆகிய அனைத்திற்கும் பெரும்பொருள் தேவைப்பட்டது. ஓய்வை நாட வேண்டிய வயதில் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942 இல் பட்டப்படிப்பு தொடங்கியது.

இதனினும் கடினமான வினா ஒன்று இருந்தது. நிறுவனம் நிலைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பெண்களுக்கெனவே பொருளுதவி செய்துவந்த நண்பர்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களது மனக்குறையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மகளிர்க்காகக் கொடுத்த கொடை அது. ஐடாவும் பெண்களுக்காகவே ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர்தாம். எனினும், தாம் வகுத்த வடிவத்தைக் காப்பதா, அதன் பயனைக் காப்பதா என்ற நிலையில் அவர் பயனையே தேர்ந்தார்.

1946 இல் பணி ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் தங்கினார். மறு ஆண்டில் ஆண் மாணவர்கள் முதன்முறையாகச் சேர்ந்தனர். அப்போது ஐடாவுக்கு வயது 76. பின்னர், நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக மருத்துவர் ஹில்டா லாசரஸ் என்னும் பெண்மணி பொறுப்பேற்றதையும் அவர் கண்டார். 1960 இல் அவர் மறைந்தபோது, திண்டிவனத்து இரவு கடந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.