பட்டை முனைப் பேனா

பட்டை முனைப் பேனா என்பது நுனி உளிபோலத் தட்டையாக வெட்டப்பட்ட, அழகெழுத்துக்கான எழுதுகோல் ஆகும். எழுத்தாணி ஒரே சீரான கோட்டைக் கீறும். பட்டை முனையை ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால், கை நகரும் திசைக்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் விழும், அழுத்தத் தேவையில்லை.

தமிழகத்தில்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்திலும் வழங்கும் உருதுவின் நஸ்தலீக் எழுத்து இவ்வகை முனைக்கு உரியது. முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அதன் அளவுகோல். சென்னையில் 1927 இல் தொடங்கப்பட்ட 'தி முசல்மான்' நாளிதழ், காதிப் எனப்படும் எழுத்தர்களின் கையெழுத்தில் அச்சானதால் பெயர் பெற்றது.

தேர்வு

எழுத்தின் அளவை முதலில் முடிவு செய்து, பின்னரே முனையை வாங்க வேண்டும். ஆங்கில இத்தாலிக் எழுத்தில் சிற்றெழுத்தின் உடல் உயரம் பொதுவாக முனை அகலத்தைப்போல் 5 மடங்கு. 1.5 மி.மீ. முனைக்கு 7.5 மி.மீ., 2.4 மி.மீ. முனைக்கு 12 மி.மீ. உயரம் வேண்டும். இதைவிட மிகவும் குறுகிய கோடுகளுக்குள் எழுதினால் எழுத்தின் உள்வெளி அடைபடும். இடக்கையாளர்களுக்குச் சாய்வாக வெட்டிய முனை எளிது.