நீருக்குள் விடுமுறை – 6: திரும்பும் விமானம் முதலில்

சென்ற வாரம் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை முக்குளிப்புப் பயிற்சியோடு நிறுத்தியிருந்தேன். சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரமே நம்மவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஏதாவது ஒரு கடையில் கூடிவிடுவார்கள். பசியாறி முடிப்பதற்குள் தீவும் தேதியும் முடிவாகிவிடும். பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: போவதற்கு மலிவான டிக்கெட் என்றைக்கு? முக்குளிக்கப் போகிறவர்கள் அங்கே தொடங்கக் கூடாது. திரும்பி வரும் விமானத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

காரணம் நைட்ரஜன். பத்து மீட்டர் இறங்கினால் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஓப்பன் வாட்டர் எல்லையான 18 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்குகிறது. நிதானமாக மேலேறினால் கொஞ்சம் மூச்சிலேயே வெளியேறும். மிச்சம் வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏறினால்? விமானத்துக்குள் இருப்பது தரைமட்டக் காற்றழுத்தம் அல்ல. 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமம். அழுத்தம் குறைந்ததும் மிச்ச நைட்ரஜன் குமிழிகளாகலாம். மூட்டு வலியோடு போனால் அதிர்ஷ்டம். தண்டுவடத்தைத் தொட்டுவிட்டால் கால் மரத்துப்போகும்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் பரிந்துரை இது: ஒரே ஒரு சாதாரண முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம் கழித்துப் பறக்கலாம். பல முறையோ பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம். மேலேறும்போது கட்டாயம் நின்று வரவேண்டிய ஆழமான முக்குளிப்பு என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். ஒரே ஒரு முறை இறங்குவதற்காக யாரும் தீவுக்குப் போவதில்லை. ஆகவே நம் எண் 18. நான் 24 என்று வைத்துக்கொள்வேன்; கூட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இப்போது டிக்கெட்டைப் பாருங்கள். பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய்விட்டு ஞாயிறு காலை 9 மணிக்குக் கோத்தா பாருவிலிருந்து மலிவாக ஒரு விமானம் இருக்கிறது என்று வையுங்கள். 18 மணி நேரம் பின்னே போனால் சனி பிற்பகல் 3 மணி. அதற்குள் நீங்கள் தண்ணீருக்கு மேலே வந்திருக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும் படகு உங்களுக்கு இல்லை. அதே ஞாயிறு மாலை 6 மணி விமானமாக இருந்தால் சனிக்கிழமை முழுவதும் உங்களுடையது. 24 மணி நேரக் கணக்குப்படி பார்த்தாலும் பிற்பகல் படகு கைக்கு வரும். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு கடைசி முக்குளிப்பில் கரைந்துவிடும்.

கிள்ளான்காரர்களுக்குச் சுபாங் விமான நிலையம் பக்கம். அங்கிருந்து கோத்தா பாருவுக்கும் கோலத் திரெங்கானுவுக்கும் பறப்பவற்றில் ஏ.டி.ஆர். ரக உந்துவிசிறி விமானங்கள் உண்டு. சின்ன விமானம், தாழத்தானே பறக்கும் என்று ஒரு சமாதானம் அடிக்கடி காதில் விழுகிறது. பரிந்துரை சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும். விமானத்தின் அளவு அதற்குத் தெரியாது. காரில் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பெசுட்டிலிருந்து திரும்பும் வழியில் குவா மூசாங்கில் வளைந்து கேமரன் மலையில் ஒரு ராத்திரி தங்கி, ஸ்ட்ராபெரி வாங்கி வருவது நம் குடும்பங்களுக்குப் பிடித்த திட்டம். அங்குள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். கடலில் இருந்து ஏறிய அன்றே அங்கே போகாதீர்கள்.

அடுத்தது, எந்த மாதம் போவது என்பது. இதில்தான் தமிழர்களுக்குத் தனிச் சங்கடம். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை விடாது. ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் மூன்றிலும் பெரும்பாலான விடுதிகள் கதவைச் சாத்திவிடும்; படகுகளும் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். நம் பண்டிகைகளோ வரிசையாக அந்த மாதங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திங்களும் சேர்ந்து கிடைக்கும் நீண்ட விடுமுறை, அலை தூக்கியடிக்கும் கடலுக்குப் பயன்படாது. பொங்கலும் தைப்பூசமும் அதே கதை.

அதனால் முக்குளிக்கிற தமிழன் மற்றவர்களின் விடுமுறைகளை நம்பி வாழ்கிறான். மே 1, விசாகம், ஜூனில் மாமன்னர் பிறந்தநாள், ஆகஸ்ட் 31 தேசிய தினம், செப்டம்பர் 16 மலேசிய தினம் எல்லாம் நல்ல கடல் நாட்கள். நாடே அதே நாட்களில் கோல பெசுட் படகுத்துறையில் நிற்கும் என்பதால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். அப்படியும் முடியாதவர்களுக்கு என் யோசனை: பண்டிகைக்கென்று வைத்த விடுப்பில் இரண்டு நாளைக் காப்பாற்றி, ஜூலையில் ஒரு சாதாரண வாரத்தின் நடுவில் போங்கள். அறை வாடகையும் இறங்கும், பவளத்துக்கு மேலே வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்துவிடும். விரதம் இருப்பவர்கள் விடுதிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தீவுச் சமையலறையில் கீரை வதக்கலில்கூட பெலாச்சான் ஒளிந்திருக்கும்.

கிள்ளானில் கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்பவர்கள் பூலாவ் கெத்தாம் படகில் ஒருமுறை கீழே பார்த்தால் போதும். சேற்றுக் கடல். மலாக்கா நீரிணையில் லங்காவி அருகே பூலாவ் பாயார் இருக்கிறது; ஆனால் அங்கேயும் தெளிவான நீருக்கு யோகம் வேண்டும்.

தீபாவளியில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சபாவைப் பார்ப்பார்கள், அதிலும் சிப்பாடானை. கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் எழுந்து நிற்கும் தீவு; கரையிலிருந்து சில எட்டு வைத்தால் ஆழம் செங்குத்தாக விழுகிறது. ஜாக் கூஸ்தோவின் 1989 ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. 2002 டிசம்பரில் ஹேக் அனைத்துலக நீதிமன்றம் அது மலேசியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. 2004 இறுதியில் தீவிலிருந்த விடுதிகள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. ஆகவே இன்று செம்போர்ணாவிலோ மாபுல் போன்ற பக்கத்துத் தீவிலோ தங்கி, படகில் போய் வரவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச் சீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. முதலில் 120 என்று இருந்ததைப் பிறகு உயர்த்தினார்கள். அண்மை ஆண்டுகளில் நவம்பர் முழுவதும் தீவை மூடியும் வைக்கிறார்கள். தீபாவளி அக்டோபரில் வந்தால் பிழைத்தீர்கள். 2025-இல் அப்படித்தான், 20-ஆம் தேதி.

சீட்டு எந்த நாளுக்குக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் விடுதி சொல்வதுதான். அதற்காகவே மூன்று நான்கு இரவு தங்கச் சொல்வார்கள். இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, சிப்பாடான் நாள் எனக்குக் கடைசி நாளாக வருமா என்பது. தாவாவிலிருந்து காலை விமானம் என்றால், செம்போர்ணாவிலிருந்து சாலையில் ஒன்றரை மணி நேரம், அதையும் சேர்த்து விமானத்துக்கு முன் 18 மணி நேரம். கணக்கு உதைக்கும். முதலில் விடுதியிடம் தேதியை எழுத்தில் வாங்குங்கள், டிக்கெட் பிறகு. தீபகற்பத்திலிருந்து போகும் குடிமக்களுக்குச் சுற்றுலாவுக்கு மைகாட் போதும், ஆனால் சபா குடிநுழைவு முகப்பில் நிற்க வேண்டியிருக்கும்.

போகும் விமானத்துக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. இறங்கிய அன்று பிற்பகலே தண்ணீரில் இறங்கலாம், தூங்கியிருந்தால். விடியற்காலை விமானத்துக்காகக் கே.எல். சென்ட்ரலில் கண் விழித்துக் காத்திருந்தவர் அன்றைக்குக் கரையிலேயே இருப்பது நல்லது. விளக்குகளின் லித்தியம் மின்கலங்கள் கைப்பையில், கத்தி பெட்டியில். எடைக்கட்டிகளை இங்கிருந்து தூக்கிப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கேயே தருவார்கள் ஐயா.

காப்புறுதிப் பத்திரத்தில் முக்குளிப்பு என்ற சொல் இருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துவிடுங்கள். குமிழி நோய்க்கு மருந்து அழுத்த அறை. அப்படி ஒன்று லூமுட் கடற்படைத் தளத்து இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. பெர்ஹெந்தியானிலிருந்து அது நாட்டின் மறுகரை, நடுவே மலைத்தொடர்.

அடுத்த வாரம் மருத்துவப் படிவம். சைனஸ், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைப் படிக்கும்வரை மேலே சொன்ன எந்த டிக்கெட்டையும் வாங்கிவிட வேண்டாம்.

(தொடரும்)