சிறு விமானமும் மோட்டார்ப் பெட்ரோலும்

மண்ணில் ஓடும் மோட்டார் வண்டிக்கும் விண்ணில் பறக்கும் விமானத்துக்கும் ஒரே எண்ணெய் போதுமா? போதும் என்பதை 1903-ஆம் ஆண்டிலேயே ரைட் சகோதரர்கள் காட்டிவிட்டனர். அவர்களுடைய விமானத்தின் எஞ்சின் சுமார் 12 குதிரைத்திறன் உடையது. அக்காலத்துச் சாதாரணப் பெட்ரோலிலேயே அது ஓடிற்று. ஆயினும் இன்று அமெரிக்க நாட்டின் சிறு விமான நிலையம் ஒன்றில் இறங்கி மோட்டார்ப் பெட்ரோல் கேட்கும் விமானிக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற விடையே கிடைக்கிறது. இதன் காரணத்தை ஆராய்வோம்.

பெரிய ஜெட் விமானங்கள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளால் பறப்பவை. இருவரோ நால்வரோ அமரும் சிறு விமானங்களில் மோட்டார் வண்டியில் உள்ளதைப் போன்ற பிஸ்டன் எஞ்சினே உண்டு. இவற்றுக்கென விற்கப்படும் விமானப் பெட்ரோலுக்கு ‘100 எல்.எல்.’ என்று பெயர். அது நீலச் சாயம் ஊட்டப்பட்டது, லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலந்தது.

ஈயம் எதற்கு? எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்பட்டு, மின்பொறியால் பற்றவைக்கப்படுகின்றன. தீ சீராகப் பரவவேண்டும். அழுத்தம் மிகுந்தால், தீச்சுவாலை எட்டுமுன்பே ஆவியின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். இதனையே ‘நாக்கிங்’ என்பர். கடுமையாக நேர்ந்தால் பிஸ்டனே சிதைந்துபோகும். இதனைத் தடுத்து நிற்கும் ஆற்றலைக் குறிப்பதே ஆக்டேன் எண். டெட்ரா எதில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தால் இவ்வாற்றல் உயர்கிறது என்பதை 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஆனால் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எனவே 1996-இல் அமெரிக்கச் சாலைகளிலிருந்தும், 2000-இல் இந்தியச் சாலைகளிலிருந்தும் ஈயப் பெட்ரோல் விலக்கப்பட்டது. விமானப் பெட்ரோலில் மட்டும் ஈயம் தங்கிவிட்டது.

எல்லாச் சிறு விமானங்களுக்கும் 100 ஆக்டேன் வேண்டுவதில்லை. செஸ்னா 150 போன்றவை 80 ஆக்டேன் பெட்ரோலுக்கென அமைக்கப்பட்டவை. அப்பெட்ரோல் அரிதாகியபோது, ஈயம் மிகுந்த எண்ணெயை ஊற்றவேண்டியதாயிற்று. ஸ்பார்க் பிளக்குகளில் ஈயக் கசடு படிந்தது. இந்நிலையில், பரிசோதனை விமானிகள் சங்கம் ஒன்று பல சோதனைகள் நடத்தி, 1982-இல் செஸ்னா 150-க்கு மோட்டார்ப் பெட்ரோலைப் பயன்படுத்த அரசின் ஒப்புதலைப் பெற்றது. பின்னர் வேறு பல வகை விமானங்களுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

ஒப்புதல் கிடைத்தும் எண்ணெய் கிடைக்காதது ஏன்? முதற் காரணம் எத்தனால் என்னும் எரிசாராயம். 2005-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின், அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பகுதி நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலந்தே வருகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும். உயரத்தின் குளிரில் நீரும் சாராயமும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கினால், எஞ்சினுக்குச் செல்வது எதுவென்று சொல்லவும் வேண்டுமோ? எனவே பழைய விமானங்களுக்குரிய ஒப்புதல்கள் எத்தனாலை விலக்குகின்றன. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் போன்ற சில புதிய எஞ்சின்களே அதனை ஏற்கும்.

கலப்பைக் கண்டறிய எளிய வழி உண்டு. அளவுக் கோடிட்ட குழாயில் சிறிது நீர் விட்டு, அதன்மேல் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வைப்பர். எத்தனால் இருந்தால் நீரோடு சேர்ந்துவிடும். நீரின் மட்டம் உயர்ந்து தோன்றும்.

இரண்டாவது, ஆவியாகும் தன்மை. மோட்டார்ப் பெட்ரோல், குறிப்பாகக் குளிர்காலப் பெட்ரோல், விரைவில் ஆவியாகும். 10,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் சுமார் நூற்றுக்கு எழுபதே. ஆகவே குழாய்க்குள் ஆவி அடைத்து எண்ணெய் ஓட்டம் தடைப்படக்கூடும். மூன்றாவது, வாணிகம். மற்றோர் எண்ணெய்க்கு மற்றொரு தொட்டியும் பம்பும் வேண்டும். சிறு நிலையத்தின் விற்பனை அச்செலவைத் தாங்குவதில்லை.

இது விமானிகளின் வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கலிபோர்னியாவின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தின் அண்மையில் வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுதி என 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கு ஈயப் பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது; ஈயமற்ற 94 ஆக்டேன் விமானப் பெட்ரோலே விற்கப்பட்டது. இவ்வகை விமானங்கள் உமிழும் ஈயம் மக்கள் நலத்துக்குக் கேடு என 2023-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பும் முடிவு செய்தது.

அப்படியாயின் இன்றே எங்கும் தடை செய்யலாகாதா? ஆற்றல் மிக்க எஞ்சின்களுக்கு 100 ஆக்டேன் இன்றியமையாதது. அவை தொகையில் சுமார் நூற்றுக்கு முப்பதே எனினும், விமானப் பெட்ரோலில் ஏறக்குறைய எழுபது பங்கை அவையே செலவிடுகின்றன. தவறான எண்ணெயை ஊற்றினால் வானிலேயே எஞ்சின் பழுதாகும். ஆதலால் 2030-க்குள் ஈயமில்லாத மாற்று எண்ணெய் காண்பது குறிக்கோளாயிற்று. அந்நாள் வரும்வரை, குறைந்த ஆக்டேன் போதுமான விமானங்களுக்கேனும் ஈயமற்ற எண்ணெய் அருகிலுள்ள நிலையத்தில் கிடைக்குமானால், அவை பறக்கும் வானின் கீழ் வாழும் சிறுவர்கள் நச்சுக் குறைந்த காற்றை உயிர்ப்பர்.