கறுப்பாகும் சிறுநீர்... கைகோத்த நோயாளிகள்! ஓர் அரிய நோய்க்கு மருந்து வந்த கதை

குழந்தையின் துணியில் பட்ட சிறுநீர் சற்று நேரத்தில் கறுத்துப்போனால் எந்த அம்மாவும் பதறத்தான் செய்வார். 'அல்காப்டோனூரியா' என்ற பரம்பரை நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். உலக அளவில் இரண்டரை லட்சம் முதல் 10 லட்சம் பேரில் ஒருவருக்கே இந்த நோய் வருகிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

புரத உணவிலிருந்து கிடைக்கும் டைரோசினை உடல் படிப்படியாக உடைக்கிறது. அதில் ஒரு படிக்கான என்ஸைம் இவர்களுக்கு வேலை செய்யாது. அதனால் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் தேங்கிவிடும். பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறினாலும், மீதி குருத்தெலும்பில் படிந்து அதைக் கறுப்பாக்கும். எளிதில் நொறுங்கவும் வைக்கும். 30 வயதையொட்டி முதுகுவலி, மூட்டுவலி ஆரம்பிக்கும். பிறகு பலருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும். இதய வால்வும் பாதிக்கப்படலாம்.

லண்டன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-லேயே இந்த நோயைப் பற்றி விளக்கி எழுதிவிட்டார். ஆனால், அதன் பிறகு 100 ஆண்டுகள் கடந்தும் சிகிச்சை வரவில்லை.

மருந்து இருந்தது, ஆள் இல்லை!

களைக்கொல்லி ஆராய்ச்சியில் பிறந்த நிட்டிசினோன் என்ற மருந்து, 1990-களிலிருந்தே வேறொரு அரிய நோய்க்குப் பயன்பட்டுவந்தது. அமெரிக்காவில் 40 அல்காப்டோனூரியா நோயாளிகளிடம் 3 ஆண்டுகள் சோதித்தார்கள். அமிலம் நன்றாகக் குறைந்தது. ஆனால், மூட்டுக்குப் பலன் உண்டு என்று நிரூபிக்க முடியவில்லை. பெரிய ஆய்வு நடத்தலாம் என்றால், எந்த ஒரு நாட்டிலும் போதுமான நோயாளிகள் இல்லை.

இங்கேதான் நோயாளிகளின் அமைப்புகள் களமிறங்கின. 2003-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு நோயாளியும், அவருடைய டாக்டர் ரங்கநாத்தும் சேர்ந்து 'ஏ.கே.யூ. சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். பின்னர் அதை வழிநடத்திய நிக் சிரோ, இந்த நோயுள்ள 2 பிள்ளைகளின் தந்தை. பிரான்ஸில் 'அல்கேப்' அமைப்பு கைகோத்தது. சுமார் 19,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் காணப்படும் ஸ்லோவாக்கியாவும் சேர்ந்தது. 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்து சுமார் 60 லட்சம் யூரோ நிதி கிடைத்தது. அமைப்புகள் நோயாளிகளைத் தேடிப்பிடித்தன. பொதுமக்களிடமும் நிதி திரட்டின.

லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவின் பியெஷ்தானி என 3 இடங்களில் பெரிய ஆய்வு நடந்தது. மொத்தம் 138 பேர், 4 ஆண்டுகள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு மருந்து தரப்படவில்லை. அது தெரிந்தே அவர்களும் ஆய்வில் சேர்ந்தார்கள்.

முடிவு? மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரில் அந்த அமிலம் 99 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. நோய் முற்றும் வேகமும் குறைந்தது. 2020-ல், வயதுவந்த அல்காப்டோனூரியா நோயாளிகளுக்கு இந்த மருந்தைத் தர ஐரோப்பா அனுமதி அளித்தது.

ஏற்கெனவே கெட்டுப்போன குருத்தெலும்பை இது சரிசெய்யாது. ரத்தத்தில் டைரோசின் கூடும் என்பதால் புரதத்தை அளவோடு சாப்பிட வேண்டும். கண் பரிசோதனையும் அவசியம்.

தமிழ்நாட்டிலும்...

தமிழகத்தின் நரிக்குறவர் சமூகத்தில் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதையும், அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. அதில் ஸ்லோவாக்கிய விஞ்ஞானிகளும் பங்கேற்றார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். சிறிய சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணங்கள் நடக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது.

சிறுநீர் காற்றுப்பட்டுக் கறுத்தால் அலட்சியம் வேண்டாம்; டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மூட்டு தேய்ந்த பிறகு தெரிவதைவிட, குழந்தையின் துணியில் கறை தெரியும்போதே தெரிவது எவ்வளவோ மேல்!