சென்னைக் கோட்டையின் ஞானஸ்நானக் கல்

கொத்மலையை உள்ளிட்ட மத்திய மலைநாட்டிற் பரவலாகக் காணப்படும் பாறையொன்று, புதிதாக உடைத்த முகத்திற் பசுமை கலந்த கருஞ்சாம்பல் நிறங் காட்டும். நிலநூலார் அதனைச் சார்னொக்கைற்று என்பர். அப்பெயர் மலையிலோ சுரங்கத்திலோ பிறந்ததன்று. கல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறையிற் பிறந்தது. சென்னைக் கோட்டைத் தேவாலயத்து ஞானஸ்நானத் தொட்டியும் அக்கல்லறையும் ஒரே குடும்பத்தின் வரலாற்றாற் பிணைக்கப்பட்டவை.

கிறித்தவ சமயத்திற் புகுவோருக்கு நீராற் செய்யப்படும் சடங்கு ஞானஸ்நானம். அந்நீரைத் தாங்குவது தொட்டி. இடைக்கால இங்கிலாந்தில் குழந்தையை நீரில் முழுக்காட்டும் வழக்கம் இருந்தமையால் தொட்டிகள் அகன்று ஆழ்ந்தவையாக அமைந்தன. மந்திரித்த அந்நீரைச் சிலர் சூனியத்துக்குத் திருடிச் சென்றனர் போலும். தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்குமாறு 1236இல் கன்ரபரிப் பேராயர் எட்மண்டு கட்டளையிட்டார். ஹாம்ப்சயர் மாவட்டத்தின் ஈஸ்ற் மீயோன் என்னும் ஊர்த் தேவாலயத்தில் ஏறத்தாழ 1150ஆம் ஆண்டைச் சேர்ந்த தொட்டியொன்று உண்டு. சதுரமான அதன் பக்கங்களில் ஆதாமும் ஏவாளும் படைக்கப்படுதலும், ஏதேனிலிருந்து துரத்தப்படுதலும் செதுக்கப்பட்டுள்ளன. அக்கருங்கல் இங்கிலாந்தினதன்று. இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரிலிருந்து ஆற்றுவழியும் கடல்வழியும் கொண்டுவரப்பட்டது. சலவைக்கல் என்று பெயர் பெற்றிருந்தும் அது உண்மையிற் சுண்ணாம்புக் கல்லேயாகும். அத்தகைய தொட்டிகள் ஏழு இங்கிலாந்தில் எஞ்சியுள்ளன. அவற்றுள் நான்கு ஹாம்ப்சயரிலே உள்ளன.

ஈஸ்ற் மீயோனிற் சடங்கு பழகியது, கல் அயலது. சென்னையில் நிலைமை மாறியது. புனித ஜோர்ஜ் கோட்டைக்குள் தூய மரியாள் தேவாலயத்தை எழுப்பும் பணி ஆளுநர் ஸ்ற்றெயின்சம் மாஸ்ரர் காலத்தில், 1678இல் தொடங்கிற்று. 1680 ஒக்டோபர் 28இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. தொட்டிக்குரிய கல்லோ கப்பலேறி வரவில்லை. பல்லாவரத்துக் கருங்கல்லே அதற்குப் பயன்பட்டது. மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பிகளின் உளிக்கு உருவங் கொடுத்த கல்லும் இவ்வினத்ததே. கலையுணர்வுடையார்க்கு இந்த உறவு ஒன்றே இத்தொட்டியை மதிக்கப் போதுமானது.

1689 ஆகஸ்ட் 19இல் இத்தேவாலயத்தில் மேரி, எலிசபெத், கத்தரின் என்னும் மூன்று சகோதரியர் ஞானஸ்நானம் பெற்றனர். மொகலாயரோடு மூண்ட பூசலால் வங்காளத்தை விட்டுச் சென்னை வந்திருந்த கம்பனி அதிகாரி ஜோப் சார்னொக்கின் புதல்வியர் அவர்கள். மூவருக்கும் ஒரே நாளில் நடந்தமையால், பிறந்த சின்னாளில் நிகழ வேண்டிய சடங்கு நெடிது தாமதித்தமை தெளிவு. தாய் இந்துப் பெண். உடன்கட்டை ஏறவிருந்த கைம்பெண்ணொருத்தியைச் சார்னொக் வலிந்து மீட்டுத் தம்மோடு வாழச் செய்தார் என்று அலெக்சாந்தர் ஹமில்ற்றன் என்னும் கப்பற்றலைவர் தம் 1727ஆம் ஆண்டுப் பயண நூலில் எழுதினார். செவிவழிக் கதையை நிறையச் சேர்ப்பவர் அவர். ஆதலின் அதனை அப்படியே வரலாறாகக் கொள்ளல் தகாது.

சார்னொக் 1690 ஆகஸ்டில் வங்காளம் திரும்பிச் சுதானுதியில் இறங்கினார். பழைய கணக்கின்படி 1692இல் மறைந்தார். மேரியை மணந்த சார்ல்ஸ் ஐயர் மாமனாருக்குக் கல்லறை எடுப்பித்தார். வண்டல் படிந்த வங்கச் சமவெளியில் அத்தகைய கல் கிடையாது. எனவே சென்னைப் பக்கத்துக் கல்லே கடல்வழிச் சென்றது. மேரியும் இளமையில் மறைய, தந்தையின் பெயருக்குக் கீழே அவர் பெயரும் அதே பலகையிற் பொறிக்கப்பட்டது. சென்னைக் கல்லின் நீரிற் பெயர் பெற்ற பெண்ணின் பெயர் மீண்டும் அவ்வினக் கல்லிலே தங்கிற்று. அவரைப் பெற்ற தாய்க்கோ அப்பலகையில் இடமில்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தோமஸ் ஹென்றி ஹொலண்ட் அக்கல்லை ஆராய்ந்து, 1893இல் அவ்வினப் பாறைக்குச் சார்னொக்கின் பெயரைச் சூட்டினார். படிகக்கல், பெல்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் அமைந்திருத்தலே அதன் இலக்கணம். நீரற்ற கடுஞ்சூட்டில், புவியோட்டின் ஆழத்தில் இக்கனிமம் உருவாகும். ஆதலால் இன்று மலைமுகட்டில் இப்பாறை தென்படின், அதன் மேலிருந்த பல கல் தொலைவு கனமுள்ள நிலம் தேய்ந்தொழிந்தது என்று கொள்ள வேண்டும்.

பல்லாவரத்துக் கல்லும் கொத்மலைக் கல்லும் இனத்தால் ஒன்று; வயதால் வேறு. முன்னது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையது. இலங்கையின் உயர்நிலத் தொகுதி இன்றைய உருவைப் பெற்றது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் இலங்கையோடு ஒட்டிக் கிடந்த காலத்தில். தமிழகத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து தேயிலை மலைக்கு வந்தோர் காலடியில் கண்டதும், தம் ஊர்ப்புறத்துக் கோயிற் கல்லுக்கு உறவான கல்லே.