காளானின் கைரேகை



ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்தால் போதும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கையைச் சுற்றிலும், குளக்கரைகளிலும் வரப்புகளிலும் காளான்கள் குடை விரித்து நிற்கும். அப்படியொரு மழைக்குப் பிறகு, அப்பகுதியிலிருந்து வரும் என் மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"ஸார், இது புற்றுக்காளான்தானே? இன்று வீட்டில் சமைக்கப் போகிறார்கள்."

படத்தில் மேலிருந்து பார்த்த ஒரு வெள்ளைக் குடை மட்டுமே தெரிந்தது. "சமைக்க வேண்டாம் என்று உடனே வீட்டுக்குச் சொல். நாளை ஒன்றை இங்கே கொண்டு வா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

குடை ஒன்று, குணம் வேறு

புற்றுக்காளானின் அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசிஸ். கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து இது முளைக்கிறது. ஆகவே இதன் காம்பு வேர்போல நீண்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். குடையின் நடுவில் ஒரு கூர் முனை இருக்கும். இவ்வகையில் ஓர் இனத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் 1979-இல் விவரித்து, டெர்மிட்டோமைசிஸ் ஹைமீ என்று பெயரிட்டார்.

புல்வெளியில் வளரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானுக்கும் வெள்ளைக் குடைதான். இளமையில் அதன் செவுள்களும் வெண்மையாகவே இருக்கும். உண்டவருக்குக் கடும் வாந்தியும் பேதியும் வரும். மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா?

படம் எடுப்பது எப்படி?

ஒரு காளானுக்கு ஐந்து படங்களாவது வேண்டும்: மேற்புறம், பக்கவாட்டு, செவுள்கள் தெரியும் அடிப்புறம், தோண்டி எடுத்த காம்பின் அடி, முளைத்த இடம். அருகே ஓர் அளவுகோலையும் வெள்ளைத் தாளையும் வையுங்கள். மர நிழலில் விழும் ஒளி பச்சை கலந்தது. வெள்ளைத் தாள் படத்தில் எந்த நிறமாகத் தெரிகிறது என்று பார்த்தால் நிறப்பிழை விளங்கிவிடும்.

துளையை மாற்றக்கூடிய காமிரா இருந்தால் சிறு துளையை வையுங்கள். குடையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் தெளிவாக விழும். ஆனால் எஃப் 2.8-இலிருந்து எஃப் 16-க்குச் சென்றால் ஒளி சுமார் 32-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 1/60 நொடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு அரை நொடி தேவை! கை நடுங்குமே? காமிராவை ஒரு மணல் பையின் மேல் வைத்துவிடுங்கள்.

இரவில் நடக்கும் சோதனை

படத்தில் விழாத ஒன்று உண்டு. அது ஸ்போர் எனப்படும் வித்துகளின் நிறம். முதிர்ந்த குடையை வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் செவுள்கள் கீழே இருக்கும்படி வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தாளில் செவுள்களின் அச்சு பதிந்திருக்கும். இதைக் காளானின் கைரேகை எனலாம்.

இதில் அழகிய இயற்பியல் இருக்கிறது. ஸ்போரின் அடியில் ஒரு நுண்ணிய நீர்த்துளி திரள்வதைக் கனடாவில் பணியாற்றிய புல்லர் என்ற அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். அத்துளி ஸ்போரின் மேலுள்ள நீர்ப்படலத்தோடு சட்டென்று ஒன்றாகும்போது, பரப்பு இழுவிசை ஸ்போரை உந்தி எறிகிறது. அது பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூடுதலாகப் பாய்ந்தால் எதிர்ச் செவுளில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? காற்றின் தடையால் வேகம் இழந்து, இரு செவுள்களுக்கு நடுவே நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல இறங்குகிறது. இலேசான காற்றும் அதை அடித்துச் சென்றுவிடும். கிண்ணத்தால் மூடுவது இதனால்தான்.

தாள் சொன்ன தீர்ப்பு

புற்றுக்காளானின் அச்சு இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. மாணவர் கொண்டு வந்த காளானோ மறுநாள் காலை மங்கிய பச்சை அச்சைத் தந்தது. அது குளோரோஃபில்லம்! அவர் வீட்டார் தப்பினர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அச்சு பச்சையாக இல்லை என்பதாலேயே காளான் நல்லதாகிவிடாது. உயிரைப் பறிக்கும் அமனிட்டா காளான்களின் அச்சு வெண்மையானது. அவற்றின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகே பெரும்பாலும் வேதனை தொடங்கும். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்பதும் வெறும் நம்பிக்கையே.

ஆகவே காளானைப் படம் எடுங்கள், அச்சு எடுங்கள், குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். காட்டுக் காளானைச் சமையலறைக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.